ஸ்கைரிம் நாட்டில் எந்தப் பக்கம்?

கணினி விளையாட்டொன்றைப் பற்றி இலக்கிய ஏட்டில் எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் ஆசிரிய நண்பர்கள் சிலரை நான் அறிவேன். நாவல் என்னும் உருவம் நம்மிடையே புதிதாய் வந்த காலத்திலும் இதே முகச்சுளிப்பு இருந்தது. சினிமாவுக்கும் அதுவே நேர்ந்தது. நம் மாணவர்கள் இரவு பதினொரு மணி வரை எதில் மூழ்கிக் கிடக்கிறார்களோ, அதனைப் பாராமலே பழிப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. பார்த்தபின் பழிக்கலாம், அதற்குத் தடையில்லை.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பகுதிப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் கைத்தொலைபேசியில் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தும் விளையாட்டுகளையே ஆடுகிறார்கள். அவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. ஆனால் பழைய கணினி ஒன்று கிடக்கும் வீடுகள் சிலவற்றில் வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ‘ஸ்கைரிம்’ என்பது அதன் பெயர். என் ராத்தாவின் மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில் அதுவே கதியெனக் கிடந்தான். ராத்தாவின் முறைப்பாட்டைக் கேட்டு அவனருகே உட்கார்ந்த நான், ஒரு தவணை விடுமுறை முழுவதையும் அந்தப் பனிநாட்டிற் செலவிட்டேன்.

ஸ்கைரிம் 2011 நவம்பர் 11ஆம் நாள் வெளிவந்தது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த பெதஸ்டா நிறுவனம் டொட் ஹவார்ட் என்பாரின் நெறியாள்கையில் ஆக்கியது. ‘எல்டர் ஸ்குரோல்ஸ்’ என்ற வரிசையில் 1994இல் வந்தது முதலாவது, இது ஐந்தாவது. 6 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகிவிட்டதாக ஹவார்ட் 2023இல் கூறினார். கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆடுபவன் கைகட்டப்பட்ட கைதியாக வண்டியிற் கொண்டுவரப்படுகிறான். தலை வெட்டுண்ணும் வேளையில் டிராகன் என்னும் பறவைநாகம் வந்து ஊரை எரிக்கிறது; அவன் தப்பி ஓடுகிறான். அந்த நாகங்களின் ஆற்றலை உடலிலே கொண்டு பிறந்த அருந்தவப் பிறவி அவன் என்பது பின்னர் தெரியவருகிறது. ஆனால் இக்கதையைத் தொடர வேண்டுமென்ற கட்டாயம் எவ்விடத்தும் இல்லை. மூலிகை பறித்தும், வாள் அடித்தும், விறகு கொத்தியும் ஆண்டுக்கணக்காக அலையலாம். ‘திறந்த உலகம்’ என்று இவ்வகை விளையாட்டைச் சொல்வது இதனாலேதான்.

நடையே இதன் முதற் சிறப்பு. மலையடிவாரத்தில் நிற்கையில் தொலைவில் ஒரு பாழ்ங்கோபுரம் தெரிகிறது. அது திரையில் தீட்டிய ஓவியமன்று. நடந்தால் அங்கே போய்ச் சேரலாம். போகும் வழியில் ஒரு மரஆலை. அதிலே பகலெல்லாம் மரம் அறுத்து, மாலையில் உண்டு, இரவில் உறங்கும் மனிதர்கள். ஊர்மக்கள் ஒவ்வொருவர்க்கும் ஒரு நாளொழுங்கு வகுக்கப்பட்டிருக்கிறது. விறகு கொத்திக் கொடுத்தால் கட்டையொன்றுக்கு 5 பொன் கூலி உண்டு. பண்டைத் தமிழ் படித்தவனுக்கு இங்கே ஆற்றுப்படை நூல்கள் நினைவுக்கு வராமற் போகா. பெரும்பாணாற்றுப்படையில் பாணன் செல்லும் வழி நெடுகிலும் உப்பு வணிகர், வேட்டுவர், ஆயர், உழவர், வலைஞர் என உழைக்கும் மக்களின் குடியிருப்புகளும், அவரவர் இடும் உணவும் வரிசையாக வருகின்றன. புரவலனைப் புகழ எழுந்த பாட்டுத்தான். ஆயினும் இன்று நம்மை நிறுத்தி வைப்பது புரவலனன்று, அந்த வழியே.

இதே வரிசையில் 2002இல் வந்த ‘மொரோவிண்ட்’ இன்னும் ஒரு படி ஆற்றுப்படைக்கு நெருக்கமானது. அதிலே போகவேண்டிய இடத்தை ஊரவரிடம் கேட்டறிய வேண்டும். ஆற்றைக் கடந்து போ, கவர் பிரியுமிடத்தில் இடப்பக்கம் திரும்பு என்ற முறையிலே சொல்வார்கள். சில வேளை வழி தவறும். ஸ்கைரிமிலோ திசைகாட்டியின் மேல் ஒரு குறி தோன்றுகிறது; அதை நோக்கி ஓடினாற் போதும். வழி சொல்லும் மனிதன் தேவையற்றுப் போய்விட்டான். என் மருமகன் ஓடியதைக் கவனித்தேன். கண் குறியின் மேலேயே இருந்தது. இருமருங்கும் இருந்த உலகம், அத்தனை பேர் ஆண்டுக்கணக்காக உழைத்துக் கட்டிய உலகம், அவனுக்குத் தெரியவேயில்லை. கடந்தகால வினாத்தாள்களை மட்டும் நோக்கிப் பிள்ளைகளை ஓடவைக்கும் நமக்கு இதைக் குறைகூறும் உரிமை எவ்வளவு உண்டோ, அதை வாசகர் தீர்மானிக்கலாம்.

ஆட்டத்தின் தொடக்கத்தில் பத்துக் குலங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். நோர்ட் குலத்தவனுக்குக் குளிரின் தாக்கம் பாதியே. கரும் எல்ஃப் குலத்தவனுக்கு நெருப்பின் தாக்கம் பாதி. ஆர்கோனியன் என்னும் பல்லியுருவினன் நீரினுள் மூச்சுவிடுவான். ஒவ்வொரு குலத்துக்கும் பிறவியிலேயே சில திறமைகள். பிறப்பினாலே மனிதனின் தொழிலும் ஆற்றலும் தீர்மானமாகின்றன என்ற பழைய நச்சுக் கருத்துத்தான் இது. கற்பனைக் கதை என்னும் போர்வையிலே வந்தால் நச்சு அமுதாகிவிடாது. ஆனால் இந்த விளையாட்டின் உள்ளேயுள்ள கணக்கு அதன் கொள்கையையே மறுத்து நிற்பதைக் கண்டு நான் வியந்தேன். திறமைகள் 18. எவர்க்கும் எந்தத் திறமையும் 15 புள்ளியில் தொடங்குகிறது. குலத்தினாலே கிடைப்பது சில திறமைகளில் 5 புள்ளி, ஒன்றில் மட்டும் 10. பயிற்சியினாலோ 100 வரை உயரலாம். அந்த உயர்வும் செய்து பழகுவதாலேயே வருகிறது. வாளடித்தவனே கொல்லனாகிறான், மந்திரம் ஓதியவனே மந்திரவாதியாகிறான். பிறப்பு தந்த 5 புள்ளி ஒரு மாலைப்பொழுதின் உழைப்பிலே கரைந்து காணாமற் போகிறது. ஆக்கியவர்கள் இதனை எண்ணிச் செய்தார்களோ என்னவோ, குலப்பெருமை பேசும் வகுப்பறைகளில் கரும்பலகையில் எழுதிக் காட்டத்தக்க கணக்கு இது.

ஸ்கைரிம் நாட்டிலே உள்நாட்டுப் போர் நடக்கிறது. ஒருபுறம் பேரரசின் படை. மறுபுறம், ஸ்கைரிம் நோர்ட்களுக்கே உரியது என்று முழங்கும் உல்ஃப்ரிக் என்பானின் படை. பேரரசு அயலாரோடு செய்த உடன்படிக்கையால் நோர்ட்களின் தெய்வமொன்றை வழிபடுவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆகவே அவர்களின் மனக்குறை வெறும் பொய்யன்று. மருமகன் என்னைப் பார்த்து, “மாமா, நீங்க எந்தப் பக்கம் சேரப் போறீங்க?” என்றான். உல்ஃப்ரிக்கின் நகரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்த நகரம் விண்ட்ஹெல்ம். வாயிலைத் தாண்டி உள்ளே போனவுடன், கரும் எல்ஃப் பெண்ணொருத்தியை இரண்டு நோர்ட் ஆண்கள் மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். உன் கூட்டத்தார் போருக்கு உதவாதது ஏன், நீங்கள் எதிரியின் ஒற்றர்கள்தானே என்று மிரட்டுகிறார்கள். இவர்கள் யார்? தம் தாயகத்தில் எரிமலை வெடித்து நிலம் பாழானபோது அகதிகளாய் ஓடிவந்தவர்களின் வழிவந்தவர். வந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் ‘சாம்பல் வட்டாரம்’ என்ற இடிபாடான மூலையிலேதான் குடியிருக்கிறார்கள். ஆர்கோனியர்க்கு அந்த மூலையும் இல்லை. அவர்கள் மதிலுக்கு வெளியே, பனி உறைந்த துறைமுகத்தில், ஒரே கொட்டகையில் ஒண்டிக் கிடந்து சுமை தூக்குகிறார்கள். நகரினுள்ளே கால்வைக்கத் தடை. நோர்ட் தொழிலாளிக்குக் கிடைப்பதில் ஒரு சிறு பங்குதான் அவர்களுக்குக் கூலி.

‘எந்தப் பக்கம்?’ என்ற அந்தக் கேள்வி எங்கள் கரையில் விளையாட்டுக் கேள்வியன்று. ஒற்றன் என்ற ஒரு சொல்லினால் எத்தனை உயிர்கள் இந்த மாகாணத்திலே போயின என்பதை முப்பது வயது கடந்த எவரும் அறிவர். 2019 ஜூன் மாதத்தில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்த வேண்டுமென்று ஒரு பக்கத்தார் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதனை எதிர்த்து மறுபக்கத்தார் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஒரே பட்டினம், இரண்டு பந்தல். இரண்டிலும் பேசப்பட்டது தமிழ். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடிழந்தவர்களுக்கென்று அக்கரைப்பற்றுப் பகுதியில் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியிலே 500 வீடுகள் கட்டப்பட்டன. எந்த இனத்தவர்க்கு எத்தனை வீடு என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. வீடுகள் ஆண்டுக்கணக்காக ஆளின்றிக் கிடந்து, காடு மண்டின. சாம்பல் வட்டாரத்திலே அகதிகளுக்கு ஓட்டை வீடாவது இருந்தது.

எனவே விண்ட்ஹெல்மின் வாயிலை இங்ஙனம் எழுதத் தெரிந்தவர்களை நான் மதிக்கிறேன். இன உரிமை பேசும் விடுதலை வீரனின் தலைநகரிலேயே அகதியின் சேரியையும் கூலியின் கொட்டகையையும் வைத்துக் காட்டியது யதார்த்தக் கலைஞனின் பார்வை. உரையாடலில் எவரும் நமக்கு விளக்கவுரை சொல்வதில்லை; நடந்து போய் நாமே காண்கிறோம்.

மார்கார்த் என்னும் மலைநகரில் இப்பார்வை இன்னும் கூர்மையாகிறது. அங்கே சிட்னா என்றொரு வெள்ளிச் சுரங்கம், அதுவே சிறைச்சாலையும். உரிமையாளர் சில்வர்-பிளட் குடும்பத்தார். கைதிகள் வெள்ளி தோண்டுகிறார்கள். வெள்ளி குடும்பத்துக்குப் போகிறது. நகரில் நடந்த கொலையொன்றை ஆராயப் புகுந்த நம்மையே, கொலைகளை நம்மீது சுமத்திக் காவலர் பிடித்து ஆயுட்கைதியாக உள்ளே தள்ளுகிறார்கள். சட்டமும் காவலும் சுரங்கமும் ஒரே பணப்பையிலிருந்து ஊதியம் பெறுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நாவல்கள் நம்மிடம் எத்தனை உண்டு? சுரங்கத்தினுள் இருப்பவர்களிற் பலர் ஃபோர்ஸ்வோர்ன் எனப்படும் மலைவாசிகள். தம் நாடு தமக்கே வேண்டுமென்று கிளர்ந்து தோற்றவர்கள். அவர்களுள் ஒருவன், தன் கண்முன்னே தன் மகளின் தலை வெட்டப்பட்ட கதையைச் சொல்கிறான். கேட்டபோது எனக்கு வேறொன்று உறைத்தது. சுரங்கத்துக்கு வருமுன், மலைகளில் எதிர்ப்பட்ட ஃபோர்ஸ்வோர்ன்களை எண்ணாமல் வெட்டித் தள்ளியிருந்தோம், மருமகனும் நானும். எலும்பணிந்து கூச்சலிட்டுப் பாயும் காட்டுமிராண்டிகளாகவே அவர்கள் காட்டப்பட்டிருந்தார்கள். பேச வழியே வைக்கப்படவில்லை. நூறு பேரை வெட்டிய பிறகு ஒருவன் வாயால் அவர்கள் கதை நம் காதுக்கு வருகிறது. கதை கேட்டு வெளியேறிய பின்னும் மலையில் உள்ளவர்களிற் பெரும்பாலோர் நம்மைக் கண்டதும் பாயத்தான் செய்கிறார்கள். மறுபடியும் வெட்டத்தான் வேண்டியிருக்கிறது.

சுரங்கத்தில் நமக்கு இரண்டு வழிகள். மலைவாசிகளின் தலைவனைக் கொன்று முதலாளியின் கையால் ஒரு மோதிரம் பெறலாம். அல்லது தலைவனோடு தப்பி ஓடி ஒரு கவசம் பெறலாம். எந்த வழியிற் போனாலும் சுரங்கம் மூடப்படுவதில்லை. பிறகு எப்போதாவது மார்கார்த்தில் ஒரு குற்றத்துக்காகப் பிடிபட்டால் அதே சுரங்கத்துக்கே அனுப்புகிறார்கள்.

இந்த விளையாட்டின் பெருங்குறை இங்கேதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் காட்டுகிறது. கைக்கு எதையும் கொடுப்பதில்லை. விண்ட்ஹெல்ம் துறைமுகத்து ஆர்கோனியத் தொழிலாளி ஒருவர் நம்மிடம் வந்து, எங்களுக்கு நியாயமான கூலி கொடுக்கும்படி முதலாளியிடம் பேசுங்கள் என்று கேட்கிறார். நாம் போய் முதலாளியைப் பேச்சால் மயக்கலாம், மிரட்டலாம், பணம் கொடுக்கலாம், அடித்துப் புரளலாம். அவர் இணங்குகிறார். காரியம் முடிந்தது என்று திரையில் எழுத்து விழுகிறது. மறுநாள் போய்ப் பார்த்தேன். அதே கொட்டகை, அதே சுமை, மதில் வாயிலில் அதே தடை. நால்வரும் சேர்ந்து ஒருநாள் சுமையைக் கீழே வைத்துவிட்டு நிற்கலாம் என்ற எண்ணம் அந்த உலகத்தில் எவர்க்கும் எழுவதில்லை. எழாது, ஏனெனில் அங்கே செயலாற்றும் உரிமை ஒரேயொருவனுக்குத்தான் வழங்கப்பட்டிருக்கிறது. மற்றவர் எல்லோரும் அவனுக்காகக் காத்திருப்பவர்.

போரும் அப்படியே. நான் பேரரசின் பக்கம் சேர்ந்தேன். மருமகன் தன் ஆட்டத்தில் உல்ஃப்ரிக்கோடு நின்றான். இரண்டு ஆட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். சிம்மாசனத்தில் இருக்கும் ஆள் மாறுகிறான். காவலரின் சட்டை நிறம் மாறுகிறது. பேரரசு வென்றால் விண்ட்ஹெல்முக்கு நல்ல மனமுள்ள ஒருவர் தலைவராகிறார். சாம்பல் வட்டாரம் சாம்பலாகவே கிடக்கிறது. வைட்ரன் நகரில் போரில் இடிந்த கட்டடங்கள் ஆண்டு பல சென்றாலும் இடிந்தபடியே நிற்கின்றன. எவ்வளவு சண்டையிட்டு எவ்வளவு உயர்ந்தாலும் இதே நிலை. வீரர் மன்றத்தின் தலைவனாகவே ஆகிவிட்ட பின்னும் தெருக்காவலன் நம்மைப் பார்த்து, புதிதாய்ச் சேர்ந்தவனா, அவர்களுக்கு மது ஊற்றிக் கொடுப்பவனா என்று கேட்கிறான்! இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் பிள்ளைகள். சிரிப்புக்குரியதுதான்.

வைட்ரன் என்னும் ‘பெருநகரில்’ இருப்பவர் சில டஜன் பேர். சாய்ந்தமருதில் ஒரு குறுக்கு ஒழுங்கையில் அதைவிட அதிகம் பேர் வசிக்கிறார்கள். மதிலுக்கு வெளியே நாலைந்து பண்ணைகள். அத்தனை படைவீரருக்கும் சோறு எங்கிருந்து வருகிறது என்று போடியார் வீட்டுப் பிள்ளைகூடக் கேட்கும்.

பிழைகள் வேறு உண்டு. பின்புறமாகப் பறந்த டிராகன்கள், வானத்திலிருந்து விழுந்த யானைகள் எனத் தொடக்க மாதங்களில் உலகம் முழுவதும் சிரித்தார்கள். அவை பெரிய காரியமன்று. முடிவில்லாத சில்லறை வேலைகளே பெரிய காரியம். ஒரு குகையைத் துப்புரவாக்கு என்பார்கள். முடித்தால் இன்னொரு குகை. பொறி தானாகவே வேலைகளை உண்டாக்கிக்கொண்டேயிருக்கிறது. மனிதன் எழுதிய கதை தீர்ந்த பின்னும் வேலை தீர்வதில்லை. துண்டுக்கணக்கிற் கூலி வாங்கும் தொழிலாளியின் மாலைநேரத்தைப் போல, பிள்ளைகளின் மாலைகள் இதிலே போகின்றன. வாப்பாமார், உம்மாமாரின் முறைப்பாடு இதைப் பற்றியதானால் முற்றும் நியாயம். ரிஃப்டன் நகரில் கொடுமைக்காரியான அநாதைவிடுதித் தலைவியைக் கொன்றால் பிள்ளைகள் ஆர்ப்பரித்து மகிழ்கிறார்கள். கொலையே தீர்வு, தீர்வுக்குப்பின் கேள்வியில்லை. சிறுவர் கைகளில் துப்பாக்கி கொடுக்கப்பட்ட காலத்தைக் கண்ட மாகாணத்தில் இருந்துகொண்டு அந்த ஆர்ப்பரிப்பை என்னால் இரசிக்க முடியவில்லை.

ஆனால் விளையாட்டின் உள்ளே நடவாதது வெளியே நடந்திருக்கிறது. 2012 பெப்ரவரியில் நிறுவனம் தன் ஆக்கக் கருவியை இலவசமாக வெளியிட்டது. உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் அதைக்கொண்டு புதிய ஊர்களையும் கதைகளையும் கட்டி, காசு வாங்காமற் பகிர்ந்துகொண்டார்கள். இவற்றை ‘மொட்’ என்பார்கள். 2015 ஏப்ரல் 23ஆம் நாள், வால்வ் என்னும் வணிக நிறுவனமும் பெதஸ்டாவும் சேர்ந்து இவற்றை விலைக்கு விற்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. ஆக்கியவனுக்கு நூற்றுக்கு 25. மீதி 75 இரு நிறுவனங்களுக்கும். எங்கள் வட்டைகளில் எந்தப் போடியாரும் வாய்விட்டுக் கேட்கக் கூசும் பங்கு இது. எதிர்ப்புப் பெருகவே நான்கு நாளில் ஏற்பாடு கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களிற் பலர் எல்லாம் இலவசமாய்க் கிடைக்க வேண்டுமென்ற எண்ணத்தாலேயே எதிர்த்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உழைத்தவனுக்கு ஊதியம் வேண்டும் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து புதைந்தது.

அந்தக் கேள்வியை வேறு ஆட்கள் எடுத்தார்கள். பெதஸ்டாவின் தாய் நிறுவனமான செனிமக்ஸை 750 கோடி டொலருக்கு மைக்ரோசொஃப்ட் வாங்குவது 2021இல் நிறைவேறியது. 2023 ஜனவரியில் செனிமக்ஸின் தரப் பரிசோதனைத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேர் சங்கம் அமைத்தார்கள். 2024 ஜூலையில் பெதஸ்டாவின் ஆக்கக் கூடங்களிலேயே 241 பேர் அமெரிக்கத் தொடர்பாடல் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்தார்கள். விண்ட்ஹெல்ம் துறைமுகத்தைக் கட்டிய கூடத்தின் தொழிலாளர்கள்தாம் அவர்கள்.

இச்செய்தியை நான் மருமகனிடம் சொன்னேன். சொன்னதன் விளைவு, அவன் இப்போது மொட் ஒன்று செய்துகொண்டிருக்கிறான். ஆர்கோனியர் நால்வரும் காலையில் சுமைக்குப் போகாமல் இறங்குதுறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதுவே அவன் திட்டம். அவர்களின் நாளொழுங்கை மாற்றி உட்காரவைத்தும்விட்டான். தமிழிலே பேசவைக்க வேண்டுமென்பது அவனது பிடிவாதம். விளையாட்டு பத்து மொழிகள் வரை அறியும். தமிழ் அவற்றுள் இல்லை. முதல் நாள் எழுத்துகள் எல்லாம் வெறுங்கட்டங்களாகத் தெரிந்தன. இப்போது கொம்பும் காலும் இடம்மாறியேனும் தெரிகின்றன. நால்வரும் உட்கார்ந்திருக்க, முதலாளி அவர்களைக் கடந்து ஒன்றும் நிகழாததுபோல நடந்து போகிறார்; அவர் பேசுவதற்குச் சொல் இன்னும் எழுதப்படவில்லை.

“கூலி எவ்வளவு கேக்கலாம் மாமா?” என்றான். நோர்ட்டுக்குக் கொடுப்பதையே கேட்கச் சொன்னேன். “அப்ப முதலாளி என்ன சொல்லுவார்? அதையும் நீங்களே எழுதித் தாங்க” என்றான். இரண்டு நாளாக எழுதிப் பார்க்கிறேன். தொழிலாளரின் பேச்சு ஒரே இருப்பில் வந்துவிட்டது. முதலாளியின் பேச்சைக் கேட்பவர் நம்பும்படி எழுதுவதுதான் இன்னும் வரவில்லை.